ஞாயிற்றுக்கிழமை முறுக்கிய போல்ட்டுகள்

காரின் அடியில் மல்லாந்து படுத்திருக்கிறேன். முதுகுக்குக் கீழே உரச்சாக்கு. மூக்குக்கு ஒரு சாண் மேலே பிசுக்கேறிய இரும்பு. கோயில் மணி எங்கோ அடித்து ஓய்கிறது. அங்கிருந்து பார்த்தால் உலகம் என்பது இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும்தான். ஒரு ஜோடி என் மனைவி கோமதியுடையது. மற்றது எங்கள் தெருக்காரர் சூசையுடையது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய்வந்த பளபளப்பான செருப்பு, அதன்மேல் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியின் விளிம்பு.

“இடது பக்கம் திருப்புங்க சாரே.”

திருப்பினேன். போல்ட் அசையவில்லை.

“யாருக்க இடது?” சூசைக்கே சந்தேகம் வந்துவிட்டது. “கீழ கெடக்குத உங்களுக்க இடதா, மேல இருக்குத எனக்க இடதா?”

“அத நீங்கதான் சொல்லணும்.”

“சவம், நானே கொழம்பிட்டேன். கைய வச்சா தானா வரும். வாயால சொன்னா வரமாட்டேங்கு.”

கோமதி சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்டுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதனால்தான் இந்த வாரப் பத்தியை இந்தக் காட்சியிலிருந்து தொடங்குகிறேன்.

போன வாரம் என் பழைய ஸ்கூட்டரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர், “நீரு மெக்கானிக் வேலையும் பாத்திருக்கீரா ஓய்?” என்று கேட்டார். இல்லை. நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவதும், குப்பிகளில் லேபிள் ஒட்டுவதும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பதும் என் வேலை. ஸ்கூட்டரில் பிளக்கைத் துடைப்பதோடு என் இயந்திர அறிவு முடிந்துவிடும். என்ஜினுக்கு அடியில் நான் போனது அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

தூக்க முடியாத கை

அந்த வருடம் கோமதிக்கு இடது மார்பில் கட்டி என்று தெரிந்தது. திருவனந்தபுரத்தில் அறுவை செய்து எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொட்டியது. நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று தெருவில் இறங்குவதையே நிறுத்திக்கொண்டாள்.

கடைசியாகக் கதிர்வீச்சு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போய்வர வேண்டும், ஆறு வாரங்கள். “திங்கட்கிழமை காலையில் கட்டாயம் வந்துவிடுங்கள். முதல் நாளே வராவிட்டால் அந்த இடத்தைக் காத்திருக்கும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம். மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது” என்று அங்கிருந்த பெண் சொன்னார். கடுமையாகச் சொல்லவில்லை. வெளியே வராந்தாவில் எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்று நானும் பார்த்திருந்தேன்.

நாங்கள் இருக்கும் தக்கலையில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நேர் பஸ் கிடைக்காத நாளில் களியக்காவிளையில் இறங்கி மாற வேண்டும். காலை நேரக் கூட்டத்தில் நிற்க இடம் கிடைத்தால் பெரிய காரியம். அவளால் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. வலது கையால் கம்பியைப் பிடித்தால், இடிப்பவர்களைத் தடுக்க வேறு கை கிடையாது. காயம் ஆறிய இடத்தில் இடி படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வாரத்துக்கு வாடகைக் கார் எங்களுக்கு எட்டாத விஷயம்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து கோமதியின் தம்பி சுரேஷ் போன் செய்தான்.

“அத்தான், எனக்க வண்டி பூதப்பாண்டியில சும்மாதானே கெடக்கு? எடுத்துக்கிடுங்க.”

“புது வண்டி மாதிரி வச்சிருக்க. நான் ஓட்டி எங்கயாவது இடிச்சிட்டேன்னா?”

“இடிங்க. அக்காவ ஏத்திட்டுப் போயி இடிச்சிராதிய, அவ்வளவுதான்.”

இப்படிப் பேசத் தெரிந்தவர்கள் சிலர் நம்மைச் சுற்றி இருப்பது பெரிய கொடை. அவன் சொன்னதை நான் உடனே கோமதியிடம் சொன்னேன். அவள் அடுக்களைக்குள் போனாள். கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

செய்தித்தாளில் ஒரு கறுப்பு வட்டம்

இடிங்க என்று சுரேஷ் சொல்லும் அளவுக்கு அது சாதாரண வண்டி அல்ல. நான் சொன்ன அளவுக்குப் புதிதும் அல்ல. டர்போ வைத்த பழைய டீசல் கார். அவனே இரண்டாம் கையாகத்தான் வாங்கியிருந்தான். விடுமுறைக்கு வரும்போது ஓட்டுவான். மற்ற மாதங்களில் தார்ப்பாய் போர்த்தி வீட்டு முற்றத்தில் நிற்கும். தார்ப்பாயை விலக்கியபோது காற்று வடிகட்டிக்குள் அணில் சேர்த்துவைத்த தேங்காய் நார் இருந்தது. அதை எடுத்துப்போட்டுவிட்டு, பாட்டரியை மாற்றி, வியாழக்கிழமை மாலை தக்கலைக்கு ஓட்டி வந்தேன். வழியெல்லாம் நன்றாகத்தான் ஓடியது.

எனக்கு ஒரு பழக்கம். எதை வைத்தாலும் அடியில் செய்தித்தாள் விரிப்பேன். மிதிவண்டிக்கும் விரித்திருக்கிறேன், பூந்தொட்டிக்கும் விரிப்பேன். கோமதி இதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். அன்றும் காரின் முன்பகுதிக்கு அடியில் விரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் தாளின் நடுவில் தோசை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம்.

தக்கலை ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். குனிந்து பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள்: ஆயில் சேம்பர் பேக்கிங் போய்விட்டது. என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் இரும்புத் தொட்டிக்குச் சேம்பர் என்று பெயர். அதற்கும் என்ஜினுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் வைக்கும் பட்டைதான் பேக்கிங். ஓடாமல் கிடந்து கிடந்து அது காய்ந்துவிட்டிருந்தது. பழைய மாடல் என்பதால் பேக்கிங் வெளியூரிலிருந்து வர வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள்.

“கொறையக் கொறைய எண்ணெ ஊத்தி ஓட்டலாமா?”

“இது டர்போ வண்டி. வழியில எண்ணெ எறங்கிச்சுன்னா டர்போவும் போவும், என்ஜினும் போவும். சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க.”

டர்போ என்பது புகை போகும் வேகத்தைக் கொண்டே சுற்றி, என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் ஒரு சின்னக் காற்றாடி. கண்ணால் பார்க்க முடியாத வேகத்தில் சுற்றும். எண்ணெய் ஒரு கணம் வராவிட்டாலும் அதன் அச்சு பொசுங்கிவிடும். அன்றைக்குத்தான் இதைத் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து புதுத் தாளை விரித்துவிட்டு, சொட்டு விழுவதைக் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சூசை தெருவில் போனார்.

“என்ன சாரே, பேப்பர வண்டிக்க அடியில வச்சா படிக்கிய?”

சூசை

சூசை எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். கடற்கரைக்காரர். மீன்பிடி வள்ளங்களின் என்ஜின்களைப் பழுது பார்ப்பது தொழில். நடுவில் சில வருடங்கள் வளைகுடாவில் டீசல் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர். சுனாமியில் கடற்கரையில் இருந்த அவருடைய பட்டறை போனது. அதன் பிறகு குடும்பத்தோடு எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்தார். தினமும் மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போய் வேலை செய்துவிட்டு வருவார். அவருடைய மகள் கோமதியின் வகுப்பில் படித்தவள்.

திங்கட்கிழமை விஷயத்தைக் கேட்டதும் அவர் அதிகம் யோசிக்கவில்லை.

“நாளைக்கு நான் கடற்கரைக்குப் போவல. நம்ம முற்றத்துல வச்சே செஞ்சிரலாம். டீச்சர் திங்கக்கெழமை எப்பிடிப் போவாங்கன்னு இனி யாரும் கவலப்படண்டாம்.”

சனிக்கிழமை காலையில் வள்ளங்களைக் கரையில் நிறுத்த முட்டுக்கொடுக்கும் பெரிய மரக்கட்டைகளோடு வந்தார். முன் சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றினோம். பழைய எண்ணெயை வடித்தார். சேம்பரைக் கழற்றி இறக்கினார். பழைய பேக்கிங் சுட்ட அப்பளம் போல விரல் பட்டதும் நொறுங்கியது.

புதியதை அவர் செய்த விதத்தை இன்றும் மறக்கவில்லை. பேக்கிங் ஷீட் என்று கெட்டியான ஒரு தாள் வாங்கி வந்திருந்தார். அதைச் சேம்பரின் வாய்மேல் விரித்து, சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பு நெடுக டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். தட்டிய இடத்தில் தாள் தானாக வெட்டுப்பட்டது. பேச்சும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை.

கழற்றிய போல்ட்டுகளை அவர் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் போட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஓர் அட்டையில் சேம்பரின் வடிவத்தை வரைந்து, எந்தப் போல்ட் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் துளைபோட்டு, கேட்டுக் கேட்டுச் செருகிவைத்தேன். பின்பக்கத்தில் இரண்டு மட்டும் மற்றவற்றைவிட நீளம்.

“ஒவ்வொண்ணுக்கும் இன்னும் பேரு வைக்கலியா சாரே?” என்றார் சூசை.

பிறகு கசிவை அடைக்கும் சிலிக்கான் பேஸ்ட். பேக்கிங்கின் இரண்டு பக்கமும், சேம்பர் வாயிலும் தாராளமாகப் பிதுக்கினார்.

“வள்ளத்துக்க என்ஜின் ஒரு சொட்டு ஒழுகாது பாத்துக்கிடுங்க. கடலுக்க நடுவுல ஒழுகினா யாரக் கூப்பிட?”

பொழுது சாயும்போது வேலை முடிந்தது. கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு ஞாயிறு. பேஸ்ட்டு பையப் பைய காயட்டும். திங்கள் விடிய நான் வந்து எண்ணெ ஊத்தி ஸ்டார்ட் பண்ணித் தாறேன்.”

அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

வெளியே பிதுங்கினால் உள்ளேயும் பிதுங்கும்

ஞாயிறு காலை, வழக்கம்போல தாளைப் பார்க்கக் குனிந்தேன். என்ஜினில் எண்ணெயே இல்லை. சொட்டு எப்படி விழும்? இருந்தாலும் பார்த்தேன். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. சேம்பரின் விளிம்பு நெடுகச் சுண்டுவிரல் தடிமனுக்குப் பேஸ்ட் வெளியே பிதுங்கி நின்றது.

இந்த இடத்தில் ஆய்வகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பியூரெட் என்ற நீண்ட கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு திருகு இருக்கும். அது கசியாமல் இருக்கக் கிரீஸ் தடவுவார்கள். புதிதாக வரும் மாணவர்கள், கசியவே கூடாதென்று நிறையத் தடவிவிடுவார்கள். கசியாதுதான், ஆனால் திரவமும் இறங்காது. மிஞ்சிய கிரீஸ் உள்ளே போய்த் துளையை அடைத்திருக்கும். ஊசியை வைத்துக் குத்திக் குத்தி எடுப்பது வருடா வருடம் என் வேலை. வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ அவ்வளவு உள்ளேயும் பிதுங்கும் என்பது எனக்குக் கைப்பழக்கமாகத் தெரிந்த விஷயம்.

ஆனால் அது கண்ணாடிக் குழாய்; இது கார் என்ஜின். ஒரு நாள் உழைப்பை விட்டுவிட்டு வந்து செய்துகொடுத்த மனிதரிடம் போய், இது சரியா என்று எப்படிக் கேட்பது? திண்டாடிக்கொண்டு நின்றேன்.

“என்னத்துக்கு ஒரே எடத்துல நிக்கிய?” என்று கோமதி வந்தாள். சொன்னேன்.

“கேளுங்க.”

“சங்கடப்படுவாரு.”

“கேக்காம விட்டா நாளைக்குத் திருவனந்தபுரம் வரைக்கும் நீங்க இதையேதான் நெனச்சிட்டு ஓட்டுவிய. நான் ஒங்க மூஞ்சியப் பாத்துட்டே வரணும். கேளுங்க.”

முதல் பூசை முடிந்து சூசை மனைவியோடும் மகளோடும் வந்தார். வாசலில் நிறுத்திக் கேட்டேன். அவர் வேட்டியை மடக்கிக்கொண்டு குனிந்தார். வெகு நேரம் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

“சாரே, நான் வள்ளக் கணக்குல செஞ்சிட்டேன்.”

வள்ளத்தின் என்ஜின் பெரியது. உள்ளே எண்ணெய் உறிஞ்சும் குழாயும் பெரியது. துண்டு துணுக்கு விழுந்தாலும் அடியில் போய்க் கிடக்கும். அதற்குள் அடுத்த முறை கழற்றிவிடுவார்கள். கடலில் ஒழுகாமல் இருப்பதுதான் அங்கே முக்கியம். எவ்வளவு பேஸ்ட் வைத்தாலும் யாரும் கேட்பதில்லை. இந்தக் காரிலோ உறிஞ்சும் குழாயின் வாயில் இருப்பது தேயிலை வடிகட்டி அளவுக்கு ஒரு வலை. பேஸ்ட் துண்டு ஒன்று அதில் போய் ஒட்டினால் எண்ணெய் மேலே ஏறாது. முதலில் போவது டர்போ.

“களியக்காவெள தாண்டுமுன்ன வழியில நிக்க வச்சிருக்கும்,” என்றார். “நீங்க கேட்டது எனக்க பாக்கியம்.”

“அப்ப இப்பவே கழத்தணுமா?”

“இப்பவே கழத்தணும். இப்ப மாட்டினாத்தான் நாளைக்குள்ள காயும். ஆனா…”

ஆனா என்பது என்னவென்று எனக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை சூசை ஸ்பானரைத் தொட மாட்டார்.

கடற்கரை ஊர்களில் ஞாயிறன்று வள்ளம் இறக்குவதில்லை. அது பொதுவான வழக்கம். சூசைக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. கடல் ஏறி வந்ததும் ஒரு ஞாயிறுதான். அன்று காலையில் ஒருவர் அவசரமாக என்ஜினைப் பார்த்துத் தரும்படி பட்டறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். “இன்னிக்கு ஞாயிறு, நாளைக்கு வாறேன்” என்று சொல்லிவிட்டு, கூப்பிட்டவரையும் இழுத்துக்கொண்டு மேட்டிலிருந்த கோயிலுக்குப் போயிருக்கிறார். பூசை முடிந்து திரும்பும் வழியில் பார்த்தால் பட்டறை இருந்த இடத்தில் தண்ணீர். அன்றிலிருந்து அந்த நாளை அவர் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.

சூசை வெள்ளைச் சட்டையின் கையை மடிக்கத் தொடங்கினார்.

“பரவால்ல சாரே. டீச்சருக்காகத்தானே. மாதா மன்னிப்பா.”

ஒரு மடிப்பு மடித்துவிட்டு, அவிழ்த்து மறுபடி மடித்தார். அவர் மனைவி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“சூசை அண்ணே, சட்டைக் கைய எறக்குங்க,” என்றாள் கோமதி. “நீங்க தொடண்டாம். நாற்காலி போடுதேன், உக்காந்து சொல்லுங்க. இவ்வோ செய்யட்டும்.” என்னைக் காட்டினாள்.

சூசை என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கோமதியைப் பார்த்தேன்.

“வாய்க்கு லீவு உண்டா அண்ணே?” என்றாள் அவள்.

சூசையின் முகம் மெல்ல மலர்ந்தது.

“வாய்க்கு எந்தக் கெழமையும் லீவு கெடையாது டீச்சரே.”

அடியில் நான், மேலே சூசை

அப்படித்தான் உரச்சாக்கின்மேல் போய்ப் படுத்தேன்.

இடது எது, வலது எது என்று ஒருவழியாகத் தீர்ந்ததும் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. கோமதி ஸ்பானரை எடுத்துத் தருவதும், நான் நீட்டும் போல்ட்டை வாங்கி அட்டையில் அதன் துளையில் செருகுவதுமாக இருந்தாள். சிரட்டையை யாரும் தேடவில்லை.

நாற்காலியில் இருந்த சூசையின் கைகள்தான் பெரிய பாடுபட்டன. நான் எங்காவது திணறும்போது அவரையறியாமல் வலது கை நீளும்.

“அண்ணே, கை!” என்று கோமதி வகுப்பில் அதட்டுவது போல அதட்டுவாள். அவர் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். திண்ணையில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். டீச்சரின் தலையில் கட்டியிருந்த துணியை அந்தப் பிள்ளை ஒருமுறைதான் பார்த்தது. பிறகு அதைக் கவனிக்கவே இல்லை.

சேம்பர் இறங்கியது. பேஸ்ட் முழுதாகக் காயாததால் எளிதாகவே விட்டுக்கொடுத்தது. உள்விளிம்பு நெடுகச் சாம்பல் நிறச் சுருள்கள் இடியாப்பம் போலத் தொங்கின. ஒரு துண்டு அறுந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையின் மேலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெளியே நீட்டினேன்.

சூசை சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்தது எனக்குத் தெரிந்த வேலை. பெட்ரோலில் நனைத்த துணியால் விளிம்புகளைத் துடைத்தேன். வேறு துணியால் துடைத்தேன். காய்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். “போதும் சாரே, இதுல சோறு போட்டுத் தின்னலாம்” என்று சூசை சொன்ன பிறகும் ஒருமுறை துடைத்தேன்.

சனிக்கிழமை வெட்டிய பேக்கிங் கிழிந்துவிட்டது. மிச்சமிருந்த ஷீட்டில் புதியது வெட்ட வேண்டும். சுத்தியலால் தட்டிவெட்டும் வித்தை எனக்கு வராது. சேம்பரைக் கவிழ்த்துவைத்துப் பென்சிலால் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினேன். போல்ட் துளைகளுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது கோமதி உள்ளே போய், காகிதங்களில் துளையிடும் பஞ்ச்சை எடுத்து வந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது.

“இந்த சாமானம் எனக்கப் பட்டறையில இல்லாமப் போச்சே!” என்றார் சூசை.

இனி பேஸ்ட். சூசை நாற்காலியில் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.

“இதுதான் காரியம். எறும்பு வரிசையாப் போனா எப்பிடி இருக்கும்? அந்த கனம் போதும். துளைக்கு உள்பக்கமாச் சுத்தி வரணும். இடையில நிறுத்தப்பிடாது.”

டியூபை நான் எடுத்தேன். ஒரு வரி பிதுக்கியதும் தடித்துவிட்டது. துடைத்தேன்.

“இஞ்ச தாங்க,” என்று கோமதி டியூபை வாங்கினாள். ஸ்டூலின்மேல் சேம்பரை வைத்து, இடது கையை மடியில் விட்டுவிட்டு, வலது கையால் தொடங்கினாள். எத்தனை வருடங்கள் பிள்ளைகளுக்காகச் சார்ட்டுகளில் பசையால் ஓரக்கோடு இழுத்திருப்பாள்! சாம்பல் நிறக் கோடு எங்கும் தடிக்காமல், எங்கும் மெலியாமல், ஒவ்வொரு துளையையும் வளைந்து சுற்றி, தொடங்கிய இடத்தில் வந்து சேர்ந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள் போல. முடித்ததும் பெரிதாக மூச்சு விட்டாள்.

“கொள்ளாம் டீச்சரே,” என்று மெதுவாகப் பாராட்டினார் சூசை. “கொள்ளாம்.”

சேம்பரை ஏற்றிப் போல்ட்டுகளைப் பூட்டினேன். நடுவிலிருந்து தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று, எதிர்ப்பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி முறுக்க வேண்டும். முதலில் கை இறுக்கம். பிறகு ஸ்பானரால் கொஞ்சம். கடைசிச் சுற்றில் எனக்குள் ஏதோ புகுந்துகொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். ஒழுகவே கூடாது, நிற்கவே கூடாது, எதுவும் கைவிட்டுப் போகக் கூடாது என்று ஒவ்வொரு முறுக்காக முறுக்கினேன்.

“சாரே! போதும். இறுக்கினா விளிம்பு வளையும். வளைஞ்சா அங்கன வழியே ஒழுகும்.”

நிறுத்தினேன்.

“ஊறுகாப் பாட்டில் மூடிய முறுக்குத அளவு போதும். அது போல்ட்டு சாரே, வியாதி இல்ல.”

கோமதியின் கால்கள் அசையாமல் நின்றன. நான் ஸ்பானரை மார்பின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். பிறகு பல்லைக் கடிக்காமல் மீதியை முறுக்கி முடித்தேன்.

திங்கள் விடியல்

விடிவதற்கு முன்பே சூசை வந்துவிட்டார். லுங்கியும் எண்ணெய்க் கறைபட்ட பனியனும், கையில் டார்ச்சும். “இன்னிக்கு எனக்க கை எனக்க கையாக்கும்” என்று சொல்லிக்கொண்டே அடியில் புகுந்தார். ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்க்கும் சத்தம் கேட்டது. ஸ்பானரை எடுத்தாரே தவிர, எதையும் முறுக்கவில்லை.

வெளியே வந்து எண்ணெய் ஊற்றினார். டீசல் போகாதபடி ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, சாவியைத் திருப்பி என்ஜினை வெறுமனே சுற்றவைத்தார். டர்போவுக்கு முதலில் எண்ணெய் போய்ச் சேரட்டும் என்றார். பிறகு ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தார். டாஷ்போர்டில் எரிந்த எண்ணெய் எச்சரிக்கை விளக்கு அணைந்தது. என் செய்தித்தாளை அவரே விரித்தார். என்ஜின் சூடேறும்வரை நான்கு பேரும் அதைச் சுற்றிக் குந்தியிருந்தோம்: நான், கோமதி, சூசை, அவர் மனைவி.

தாள் வெள்ளையாகவே இருந்தது.

முதல் நாள் அவர்தான் ஓட்டினார். குழித்துறைப் பாலத்தைத் தாண்டும்போது ஆற்றில் மழைத்தண்ணீர் சிவப்பாகப் போய்க்கொண்டிருந்தது. கோமதி கண்ணாடியை இறக்கிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அவள் பெயரைக் கூப்பிட்டபோது நாங்கள் அங்கே இருந்தோம். அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

திரும்பி வீட்டு முற்றத்தில் வந்து நின்றதும் நான் கதவைத் திறக்கப் போனேன்.

“இருங்க சாரே. டர்போ வண்டிய வந்த சூட்டோட அணைக்கப்பிடாது. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடணும். காத்தாடி வேகம் கொறஞ்சு, எண்ணெயில ஆறணும். நாளைக்கு இருந்து நீங்கதான் ஓட்டப் போறிய, மறந்துராதிய.”

மறக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து நான் ஓட்டினேன். தினமும் முற்றத்தில் வந்து நிற்போம். நான் கையை மடியில் வைத்துக்கொள்வேன். என்ஜின் மெதுவாக முனகிக்கொண்டிருக்கும். முதல் சில நாட்கள் இருவரும் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள் கோமதி, “இன்னிக்கு அந்த மேசையில படுத்திருக்கும்போ பயமா இருந்துது” என்றாள். வீட்டுக்குள் சொல்லாததை, மருத்துவமனையில் சொல்லாததை, அந்த இரண்டு நிமிடத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நானும் சொன்னேன். பிறகு சாவியைத் திருப்புவேன். அவள் இறங்கி, குனிந்து, தாளைப் பார்ப்பாள். “ஒண்ணும் இல்ல” என்பாள். அவள் சொல்லிச் சொல்லிக் கேலி செய்த அதே தாளைத்தான்.

ஆறு வாரங்களில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. சுரேஷ் விடுமுறைக்கு வந்து காரை எடுத்துக்கொண்டான். சில வருடங்கள் கழித்து விற்றுவிட்டான். சூசை மறுபடி கடற்கரையிலேயே பட்டறை போட்டார். அங்கே சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. அதில் சேம்பரின் வடிவமும் துளைகளும் இருக்கின்றன. வருகிறவர்களிடம், “இது ஒரு சாரு செஞ்சது” என்று காட்டுவாராம். கோமதி வருடா வருடம் பரிசோதனைக்குப் போய்வருகிறாள். முடி வளர்ந்துவிட்டது. வகுப்பில் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

கடைசி நாள் சிகிச்சை முடிந்து வந்த மாலை நினைவிருக்கிறது. முற்றத்தில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. நான் சாவியில் கை வைத்தேன்.

கோமதி என் கையின்மேல் கையை வைத்தாள். இடது கை. ஆறு வாரத்துக்கு முன் அவ்வளவு தூரம் நீட்ட முடியாத கை.

“இன்னும் கொஞ்சம் ஓடட்டும்,” என்றாள்.